13 வயதுக் காங்கேயம் பசு: சோதனைக்குழாய்க் கன்றுக்குப் போகலாமா?

கொரங்காட்டுக்காரன் (கேள்வி)

வணக்கம். தாராபுரம் பக்கம் எங்கள் ஊர். ஆறு ஏக்கர் கொரங்காடு, அதாவது மானாவாரி மேய்ச்சல் நிலம், சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் பதினேழு வெள்வேல மரங்களும். கட்டுத்தறியில் கறவையில் இருக்கும் ஜெர்சி கலப்பு இரண்டு, இன்னும் ஈனாத ஜெர்சி கலப்புக் கிடாரி ஒன்று, காங்கேயம் இன நாட்டுப் பசு ஒன்று. அந்தக் காங்கேயத்தைப் பற்றித்தான் கேட்க வந்தேன்.

பெயர் மயிலாத்தாள். என் பாட்டனார் கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் பிடித்து வந்த பசுவின் வழியில் ஐந்தாம் தலைமுறை. வயது 13. எட்டு ஈற்று ஈன்றதில் ஆறு காளைக்கன்று. கிடாரிகள் இரண்டில் ஒன்றைப் பாம்பு தீண்டிவிட்டது. மற்றொன்றை, கிணற்று மோட்டார் புகைந்துபோன ஒரு கோடையில் அப்பா விற்றுவிட்டார். இன்றுவரை அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். வாங்கியவரிடம் போய் விசாரித்தேன், அவர் கையிலும் இப்போது இல்லை. ஆகவே இந்த வழிக்கு மிச்சம் இருப்பது இவள் ஒருத்திதான்.

கடைசியாக ஈன்று 14 மாதம் ஆகிறது. அதன் பிறகு நான்கு முறை சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டாயிற்று, ஒன்றும் நிற்கவில்லை. போன வாரம் ஒரு தனியார் முகவர் வீடு தேடி வந்தார். பசுவிலிருந்து கருமுட்டையை எடுத்து, ஆய்வகத்தில் கருவாக்கி, என் ஜெர்சி மாடுகள் மூன்றின் வயிற்றிலும் வைத்துவிடுவார்களாம். மொத்தம் 75,000 ரூபாய், முன்பணம் பாதி. ‘கன்று நிச்சயம், அதுவும் கிடாரி நிச்சயம்’ என்று இரண்டு முறை சொன்னார். அந்த ஈனாத கிடாரிக்கு 20 மாதம் ஆகிறது. ஒரு காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்தது. நல்ல உடல்கட்டு, ஆனால் இதுவரை ஒரு முறைகூடப் பருவத்துக்கு வரவில்லை. ‘ஊசி போட்டு வரவைத்துவிடலாம், இளசு, கருவை நன்றாகத் தாங்கும்’ என்றார்.

பிரேசிலில் ஒரே பசுவின் கருமுட்டையில் பிறந்த கன்றுகள் வரிசையாக நிற்கும் காணொளிகளை என் மகன் காட்டுகிறான். அம்மாவுக்கு வேறு கவலை. ‘சீமை மாட்டு வயிற்றில் பத்து மாதம் கிடந்தால் அந்த ரத்தம் இதில் ஊறிவிடாதா? பிறகு எதைக் காங்கேயம் என்று சொல்லப் போகிறாய்?’ என்று கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. போகலாமா, வேண்டாமா?

---

ராசிபுரம் பால்காரி

தம்பி, முன்பணத்தை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். மாட்டு விஷயத்தில் ‘நிச்சயம்’ என்று ஒருவர் வாயைத் திறந்தால் நான் காபிகூடக் கொடுப்பதில்லை.

என்னிடம் இருப்பது ஜெர்சி கலப்பு ஒன்பது. சோதனைக்குழாய் வரை நான் போனதில்லை. கிடாரி மட்டும் பிறக்கும் என்று சொல்லும் பாலினம் பிரித்த உறைவிந்தைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஆறு மாட்டுக்குப் போட்டதில் மூன்று சினை பிடித்தது. இரண்டு கிடாரி, ஒன்று காளைக்கன்று. காளைக்கன்று பிறந்த அன்று என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பை இன்னும் மறக்கவில்லை. பிறகு விசாரித்ததில், பத்தில் ஒன்று இப்படித் தப்பி வருவது சாதாரணம் என்றார்கள். பிடிக்காமல் போன மூன்றில் இரண்டு, ஏற்கெனவே மூன்று நான்கு ஊசிக்கும் நிற்காத மாடுகள். அந்த மாதிரி மாட்டுக்கு இந்த விந்தைப் போடவே கூடாதாம். நல்ல கிடாரிக்கும், ஒன்றிரண்டு ஈற்று முடித்து ஒழுங்காகப் பருவத்துக்கு வரும் மாட்டுக்கும்தான் போட வேண்டுமாம். இதைச் சொல்லாமலே போட்டுவிட்டுப் போனார்கள். விலையும் சாதாரண ஊசியைப் போலப் பல மடங்கு.

உங்கள் பசுவும் நான்கு ஊசிக்கு நிற்காத பசு. ஏன் நிற்கவில்லை என்று யாராவது கையை விட்டுப் பார்த்தார்களா? அதை முதலில் சொல்லுங்கள்.

---

ஓய்வு பெற்ற ஆய்வாளர்

தம்பி, நான் கால்நடை ஆய்வாளராக 31 வருடம் இருந்தவன். உறைவிந்து வைத்த நைட்ரஜன் கேனை முதலில் சைக்கிளிலும் பிறகு மொபெட்டிலும் கட்டிக்கொண்டு காடுகாடாக அலைந்தவன். உங்கள் கேள்வியில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடாரி. அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். மாட்டின் வயிற்றில் இரட்டை வளரும்போது இரண்டின் நஞ்சுக்கொடி ரத்தக் குழாய்களும் பெரும்பாலும் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். ஆண் கன்றின் ஹார்மோன் பெண் கன்றுக்குள் ஓடி, அதன் கருப்பையையும் சினைப்பையையும் சரியாக வளரவிடாமல் செய்துவிடும். இப்படிப் பிறக்கும் கிடாரிகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் மலடு. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, உடல்கட்டு வேறு நன்றாகவே இருக்கும். பிறப்புறுப்பின் உள்நீளம் சாதாரணக் கிடாரிக்கு இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். மருத்துவர் கையால் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். இதைக் கேட்காமலே ‘கருவை நன்றாகத் தாங்கும்’ என்று ஒருவர் சொல்கிறார் என்றால், மற்றதை எல்லாம் எவ்வளவு பார்த்திருப்பார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி மயிலாத்தாள். நான்கு ஊசியும் எந்த நேரத்தில் போடப்பட்டன? காலையில் பருவத்தைக் கண்டால் மாலையில் ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலையில் ஊசி என்பது எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த கணக்கு. சீமைக் கலப்புக்கு அது சரியாகவே வரும். நாட்டு மாட்டுக்குப் பருவ நேரம் குறைவு, பல சமயம் இரவில் வந்து விடிவதற்குள் தணிந்துவிடும். நீங்கள் காலையில் சாணி அள்ளப் போகும்போது வாலில் கோழையைப் பார்த்துவிட்டு, இப்போதுதான் ஆரம்பம் என்று நினைத்து மாலைக்கு ஆள் சொல்வீர்கள். அதற்குள் கருமுட்டை வெளிவந்து கெட்டும் போயிருக்கும்.

வெள்ளக்கோவில் பக்கம் ஒரு பெரியவர் வீட்டுக் காரிப் பசுவுக்கு மூன்று முறை ஊசி போட்டுத் தோற்றேன். விந்தைக் குறை சொன்னார், பிறகு என் கையைக் குறை சொன்னார். அடுத்த பருவம் வரும் நாளைக் கணக்குப் பார்த்து, அன்று இரவு அவர் வீட்டுத் திண்ணையிலேயே படுத்தேன். ஒன்றரை மணிக்குக் கத்த ஆரம்பித்தது. கோழை கண்ணாடி போலத் தரையைத் தொட்டது. விடிந்து ஏழு மணிக்கெல்லாம் ஒன்றும் நடக்காதது போலப் புல் கடித்துக்கொண்டிருந்தது. எட்டு மணிக்குப் போட்ட ஊசி நின்றது. அதற்கு முன்பு மூன்று முறையும் நான் சாவகாசமாக மாலை ஐந்து மணிக்குப் போனவன். குறை விந்திலும் இல்லை, பசுவிலும் இல்லை.

ஒரு கேள்வி. ஊசி போட்ட மறுநாளே வாலில் ரத்தக் கறை பார்த்தீர்களா? பருவம் கழிந்து இரண்டொரு நாளில் சில மாடுகளுக்கு அப்படி வரும். சினை நின்றாலும் வரலாம், நிற்காவிட்டாலும் வரலாம். ஆனால் ஊசிக்கு மறுநாளே வந்தால் ஊசி தாமதம் என்று அர்த்தம்.

என் யோசனை: தினம் ஐம்பது கிராம் தாது உப்புக் கலவை கொடுங்கள், இரண்டு பருவத்துக்கு இரவில் கண்விழியுங்கள், பக்கத்தில் நல்ல பூச்சிக்காளை (இனவிருத்திக் காளை) வைத்திருப்பவர் யாராவது இருந்தால் நேரே காளைக்குச் சேர்த்துவிடுங்கள். காளைக்கு நேரம் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆய்வகத்தை அப்புறம் பார்க்கலாம்.

---

கறவை மருத்துவர்

நான் கால்நடை மருத்துவர், இனப்பெருக்கத் துறையில் வேலை. ஆய்வாளர் ஐயா கிடாரியைப் பற்றியும் நேரத்தைப் பற்றியும் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ‘ஆய்வகம் அப்புறம்’ என்பதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் மாறுபாடு இருக்கிறது.

முதலில் அம்மாவின் கேள்வி. அதுதான் இங்கே ஆழமான கேள்வி. கன்றின் இனத்தைத் தீர்மானிப்பது கருமுட்டையும் விந்தும் மட்டும். சுமக்கும் மாட்டின் ரத்தமும் கன்றின் ரத்தமும் கலப்பதில்லை. ஊட்டமும் காற்றும் கடந்து போகும், அவ்வளவுதான். மாட்டின் நஞ்சுக்கொடி எவ்வளவு கெட்டியான தடுப்பு என்றால், தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கூட அதைத் தாண்டிக் கன்றுக்குப் போகாது. அதனால்தான் ஈன்றவுடன் முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பாலைக் குடிக்க வைத்தே ஆக வேண்டும் என்கிறோம். ஆகவே ஜெர்சி மாட்டிடமிருந்து அந்தக் கன்றுக்குக் கிடைக்கப் போவது சீம்பாலும் வளர்ப்பும்தான். செவலையாகப் பிறந்து, ஆறு மாதத்தில் நிறம் மாறிச் சாம்பல் மயிலையாகும்போது அம்மாவே ஒப்புக்கொள்வார். காங்கேயம் கன்று உருவில் சிறியது என்பதால் ஜெர்சி கலப்புக்குப் பிரசவமும் சிரமமாக இராது. பெரிய சீமைக் கருவைச் சின்ன நாட்டு மாட்டில் வைத்தால்தான் ஆபத்து.

இரண்டு வழிகள் இருக்கின்றன, முகவர் எதைச் சொன்னார் என்று தெளிவாகக் கேளுங்கள். பழைய வழியில், பசுவுக்கு நான்கு நாள் காலையும் மாலையும் ஹார்மோன் ஊசி போட்டு ஒரே பருவத்தில் பல கருமுட்டைகளை வெளிவரச் செய்து, சினை ஊசி போட்டு, ஏழாம் நாள் கருப்பையைக் கழுவிக் கருக்களை எடுப்பார்கள். ஒரு பசு பத்து தரும், அடுத்தது ஒன்றுகூடத் தராது. வயதான பசுவை இதில் தள்ள நான் விரும்பமாட்டேன். கருப்பையில் கோளாறு இருந்தால் முற்றிலும் வீண்.

புதிய வழியில் ஸ்கேன் கருவியோடு ஊசியைச் செலுத்தி, சினைப்பையிலிருந்தே கருமுட்டைகளை உறிஞ்சி எடுப்பார்கள். ஹார்மோன் இல்லாமலே இதைச் செய்யலாம், ஒன்றிரண்டு வாரம் விட்டு மறுபடியும் எடுக்கலாம். கருப்பை சரியில்லாத பசுவிலும் எடுக்கலாம், சினையின் ஆரம்ப மாதங்களில்கூட எடுக்கலாம். திமில் உள்ள நம் இனங்களுக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. சீமை இனங்களைவிட இவற்றின் சினைப்பையில் கருமுட்டைக் குமிழ்கள் அதிகம். உங்கள் மகன் காட்டும் பிரேசில் காணொளியின் ரகசியமும் இதுதான். அங்கே நிற்கும் மாடுகள் நம்முடைய ஓங்கோல், கிர் இனங்களின் வழிவந்தவை. நெல்லூர்ப் பக்கத்து மாடு அங்கே போய் ‘நெலோர்’ ஆகிவிட்டது. நமக்கும் இந்த வேலை புதிதில்லை. ஹரியானாவில் கர்னாலில் உள்ள தேசியப் பால்வள ஆராய்ச்சி நிலையத்தில் 1990லேயே சோதனைக்குழாய் எருமைக் கன்று பிறந்துவிட்டது.

இனி கணக்கு. எடுத்த கருமுட்டையை ஒரு நாள் முதிர வைத்து, விந்தோடு சேர்த்து, ஏழு நாள் வளர்க்க வேண்டும். பத்து கருமுட்டையில் மூன்றோ நான்கோ நல்ல கருவாக வந்தால் சந்தோஷப்பட வேண்டும். 13 வயதில் அதுவும் குறையும். அந்தக் கருக்களை மாடுகளில் வைத்தால் மூன்றில் ஒன்று பிடிப்பது சாதாரணம், பாதி பிடித்தால் நல்ல கை. உங்களிடம் சுமக்கத் தகுதியுள்ள மாடு இரண்டுதான். ஆக ஒரு கன்று பிறக்கலாம், பிறக்காமலும் போகலாம். ஆய்வகத்தில் பாலினம் பிரித்த விந்தைப் பயன்படுத்தினாலும் கிடாரிக்கு வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூறு என்ற அளவுதான். ‘நிச்சயம்’ என்பது இதில் எங்குமே இல்லை.

பலர் கருவைப் பற்றியே பேசுவார்கள். என் அனுபவத்தில் வேலை கெடுவது சுமக்கும் மாட்டில்தான். கருவுக்கு ஏழு நாள் வயது என்றால், அந்த மாடும் பருவம் முடிந்து ஏழாம் நாளில் இருக்க வேண்டும், ஒரு நாள் முன்பின் இருக்கலாம். எந்தப் பக்கச் சினைப்பையில் கருமுட்டை வெடித்ததோ அந்தப் பக்கக் கருப்பைக் கொம்பில்தான் கருவை வைக்க வேண்டும். கறவை உச்சத்தில் இளைத்துக் கிடக்கும் மாட்டில் வைத்தால் பணம் போயிற்று. உங்கள் இரண்டும் எத்தனையாவது மாதக் கறவையில் இருக்கின்றன?

ஒப்பந்தம் போடுவதானால், சினைப் பரிசோதனையில் உறுதியான பிறகே பெரும்பகுதிப் பணம் என்று எழுதுங்கள். விந்துக் குச்சியின் மேல் காளை எண், இனம், நிலையம், தேதி எல்லாம் அச்சிட்டிருக்கும். அந்தக் குச்சியைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். கன்று பிறந்தபின் மரபணுச் சோதனையில் தாயை உறுதிசெய்வதும் அவர்கள் பொறுப்பு என்று சேருங்கள். நாட்டு மாட்டு இனங்களுக்காக மத்திய அரசு 2014இல் தொடங்கிய ராஷ்ட்ரிய கோகுல் மிஷன் திட்டத்தில் இந்த முறையில் உறுதியாகும் ஒவ்வொரு சினைக்கும் 5,000 ரூபாய் மானியம் வைத்தார்கள். உங்கள் கால்நடை மருந்தகத்தில் அதையும் கேட்டு வையுங்கள்.

என் மாறுபாடு இதுதான்: பசுவுக்கு 13 வயது. இரண்டு பருவம் பார்ப்பது சரி. இரண்டு வருடம் பார்க்காதீர்கள்.

---

ஓய்வு பெற்ற ஆய்வாளர்

மருத்துவர் சொன்ன கடைசி வரிக்கு நான் எதிரியில்லை. ஆனால் ஒன்று. ஒரே பசுவிலிருந்து பத்துக் கன்று எடுத்து ஊர் முழுக்க நிரப்புவதை நான் பெரிதாக நினைக்கவில்லை, எல்லாம் அக்கா தங்கையாகிவிடும். தம்பிக்கு வேண்டியது ஒரு கிடாரி. கொரங்காட்டைப் பிளாட் போட்டு விற்காமல் வைத்திருக்கிறாரே, அதற்கே அவருக்கு ஒரு கிடாரி கிடைக்க வேண்டும்.

---

கொரங்காட்டுக்காரன்

நாற்பது நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். சோளத்தட்டு அறுவடை.

முதலில் இரட்டைக் கிடாரி. ஆய்வாளர் ஐயா சொன்னபடி மருத்துவரை அழைத்துவந்து காட்டினேன். கையை விட்டவர் உடனே எடுத்துவிட்டார். உள்ளே கருப்பை என்று சொல்ல ஒன்றுமே இல்லையாம், நூல் மாதிரி ஏதோ தட்டுப்படுகிறதாம். இந்த ஒரு தகவலுக்கே 25,000 மிச்சம்.

ரத்தக் கறை: ஆம் ஐயா. நான்கில் இரண்டு முறை மறுநாளே பார்த்தேன். ‘ஊசி நன்றாக ஏறியிருக்கிறது’ என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னதை நம்பிவிட்டேன்.

மயிலாத்தாளின் கருப்பையையும் அதே மருத்துவர் பார்த்தார். சீழ் இல்லை, சினைப்பை வேலை செய்கிறது என்றார். தாது உப்பு தினமும் போகிறது. கணக்குப்படி பருவம் வர வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்பிருந்தே கயிற்றுக் கட்டிலைக் கட்டுத்தறிப் பக்கம் போட்டுக்கொண்டேன். மூன்றாம் இரவு பதினொன்றே முக்காலுக்குக் கத்தினாள். எட்டு ஈற்று ஈன்ற பசு இப்படி இரவில் கத்தும் என்பதையே நான் இத்தனை வருடம் கவனித்ததில்லை, வீட்டுக்குள் மின்விசிறிச் சத்தத்தில் படுத்துக்கிடந்தவன்தானே. நாலரை மணிக்குக் கிளம்பி, மூன்று கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போய், காரிக் காளை வைத்திருக்கும் ஒருவர் வீட்டில் சேர்த்தோம். அவர் பணம் வாங்கவில்லை. ஒரு கட்டு சோளத்தட்டு கேட்டார், நான்கு கட்டு போட்டுவிட்டு வந்தேன். அப்பாவும் கூடவே நடந்து வந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்றோடு 24 நாள். இன்னும் கத்தவில்லை. அம்மா இப்போதே கிடாரிக்குப் பெயர் யோசிக்கிறார். முகவர் வாரம் ஒரு முறை அழைக்கிறார்.

---

ஓய்வு பெற்ற ஆய்வாளர்

24 நாளை நம்பாதீர்கள். பருவம் 21 நாளுக்கு ஒரு சுற்று, அதில் ஒரு சுற்று சத்தமில்லாமல் போய்விடுவதும் உண்டு. 42ஆம் நாளை ஒட்டி மூன்று இரவு மறுபடியும் கட்டிலை வெளியே போடுங்கள். 60 நாள் தாண்டியபின் மருத்துவர் கையால் பார்க்கட்டும். அதுவரை பெயர் வைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். காளைக்கன்றாக இருக்கவும் பாதி வாய்ப்பு இருக்கிறது.

---

கொரங்காட்டுக்காரன்

சொல்லிவிட்டேன் ஐயா. ‘அப்படியானால் இரண்டு பெயராக யோசிக்கிறேன்’ என்கிறார். 42இல் கத்தினால் மறு பருவம் பார்க்க மாட்டேன், மருத்துவர் சொன்ன உறிஞ்சும் முறைக்கு ஏற்பாடு செய்வேன். ஜெர்சி இரண்டில் ஒன்று ஏழாம் மாதக் கறவை, உடல் தேறியிருக்கிறது. மற்றது ஈன்று இரண்டு மாதம்தான் ஆகிறது, அதை இதில் சேர்க்கவில்லை. முகவரிடம் ‘சினை உறுதியான பிறகு பணம்’ என்று சொல்லிப் பார்த்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தவர் இந்த வாரம் அழைக்கவில்லை.